விண்மீன் மறைப்பும் வால்வெள்ளித் தூசும்

சூரியக் குடும்பத்துப் பொருளொன்று தொலைதூர விண்மீனுக்கு முன்னே கடக்கும்போது அந்த விண்மீனின் ஒளி எவ்வளவு, எத்தனை நேரம் மங்குகிறது என அளக்கும் முறையே விண்மீன் மறைப்பு. வால்வெள்ளியின் கருவைச் சூழ்ந்த தூசு தொலைநோக்கியில் வெறும் மங்கலாகத்தான் தெரியும். அதற்குப் பின்னால் ஒரு விண்மீன் அமைந்து, அதன் ஒளியை நொடிக்குப் பல முறை அளக்க முடிந்தால், தூசு எங்கே அடர்த்தி, எங்கே மெலிவு என்பது சில கிலோமீட்டர் நுணுக்கத்தில் பிடிபடும்.

1795இல் வானியலாளர் வில்லியம் ஹெர்ஷல், பின்னாளில் என்கே எனப் பெயர்பெற்ற வால்வெள்ளியின் ஊடாகவே ஓர் இரட்டை விண்மீனைக் கண்டார். அது கெட்டியான பொருளல்ல என்பதற்கு அதுவே சான்றாயிற்று. ஆனால் கண்ணால் பார்ப்பது வேறு, அளப்பது வேறு. அளவீட்டுக்கு மின்னணு ஒளிமானி வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

தமிழ்நாட்டில் இம்முறையின் வரலாறு ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில் தொடங்குகிறது. வானியலாளர் வைணு பாப்புவின் முயற்சியால் அங்கே நிறுவப்பட்ட 1 மீட்டர் தொலைநோக்கி, 1972 ஜூன் 7 அன்று வியாழனின் துணைக்கோளான கானிமீட் ஒரு விண்மீனை மறைத்ததைப் பதிவு செய்தது. இந்தோனேசியாவின் லெம்பாங்கிலும் அதே மறைப்பு பதிவானது.

1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை நெருங்கியபோது, காவலூரில் ஜே. சி. பட்டாச்சாரியாவும் கே. குப்புசாமியும் ஒளி சில நொடிகள் சரிந்து மீண்டதைப் பதிவு செய்தனர். அதைப் புதிய துணைக்கோள் என்றே ‘நேச்சர்’ இதழில் எழுதினர். அதே இரவில் இந்தியப் பெருங்கடலுக்கு மேலே பறந்த கைப்பர் வானாய்வு விமானத்தில் ஜேம்ஸ் எலியட் குழு, கோளின் இருபுறமும் ஒத்த இடங்களில் ஒளி மங்குவதைக் கண்டது. யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்பது இப்படித்தான் தெரியவந்தது. காவலூர் கண்ட சரிவும் ஒரு வளையத்தினுடையதே.

அதே 1977இல் சனிக்கும் யுரேனஸுக்கும் இடையே சைரன் என்னும் பொருள் கண்டுபிடிக்கப்பட்டது. முதலில் சிறுகோள் எனக் கருதப்பட்ட அதைச் சுற்றி 1989இல் தூசுமூட்டம் தென்படவே, வால்வெள்ளிகளின் பட்டியலிலும் அது இடம்பெற்றது. 1994இல் எலியட் குழு மறைப்பு வழியே அதை ஆராய்ந்து, கருவருகே தாரைகளாய்ப் பீறிடும் தூசின் தடயங்களை அறிவித்தது.

1996 அக்டோபர் 5 அன்று ஹேல்-பாப் வால்வெள்ளியின் முறை வந்தது. மேகம் கலைந்தும் கவிந்தும் தொல்லை தந்த வானில், கருவை ஒட்டிய தூசின் அடர்த்தியையும் கருவின் அளவுக்கான உச்ச வரம்பையும் ஆய்வாளர்கள் கணித்தனர்.

மறைக்கும் பொருளின் நிழல் பூமியில் எந்தக் கீற்றில் விழும் என்று கணிப்பதே இம்முறையின் பெரும் சிக்கல். விண்மீன்களின் இடங்களைத் துல்லியமாகத் தரும் கையா விண்கலத்தின் பட்டியல் வந்தபின் அது எளிதானது. அதற்கு முன் 2011இல் ஹவாயிலும், அதன்பின் 2018இல் தென்னாப்பிரிக்காவிலும் 2022இல் எகிப்திலும் பதிவான சைரன் மறைப்புகளில் ஒளிச் சரிவுகள் ஒன்றுபோல் அமையவில்லை. அதைச் சூழ்ந்த பொருள் காலப்போக்கில் மாறிவருவதாக ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.