கல்லில் பதிந்த மெல்லுடல்

வரலாறு என்பது எஞ்சிய சான்றுகளைக் கொண்டு எழுதப்படுவது. ஆனால் எது எஞ்ச வேண்டும், எது மறைய வேண்டும் என்று முடிவு செய்பவன் வரலாற்றாசிரியன் அல்லன். இவ்வுண்மையை விளக்க, எலும்பே இல்லாத ஒரு கடலுயிரின் பழங்கதையை இன்று எடுத்துக்கொள்கிறேன். நூல்கள் எண்காலி என்றும் ஆக்டோபஸ் என்றும் குறிக்கும் அவ்வுயிரை நம் கடற்கரை மீனவர் பேய்க்கணவாய் என்பர்.

நான் திருமுருகன்பூண்டியைச் சேர்ந்தவன். சிற்பிகளின் உளியோசைக்குப் பெயர் பெற்ற ஊர் அது. எங்கள் வட்டாரத்துக் கருங்கற்பாறையை எத்துணை பிளந்தாலும் ஒரு சிப்பியின் தடமும் அகப்படாது. பூமியின் ஆழத்தில், பெரும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவான பாறை அது. பண்டைக் கடலுயிர்களின் சுவட்டைக் காண விரும்புவோர், கடலடிச் சேறு படிந்து இறுகிய பாறைகளை நாட வேண்டும். அத்தகைய நிலம் தமிழகத்தில் அரியலூர்ப் பகுதியில் உள்ளது.

ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் அலை வீசியது. 1840களில் கே, கன்லிஃப் என்னும் இருவர் தென்னிந்தியாவில் திரட்டிய கடற்படிவங்களை எட்வர்டு ஃபோர்ப்ஸ் ஆராய்ந்து 1846இல் வெளியிட்டார். 1860களில், இந்திய நிலவியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த ஸ்டோலிச்கா இப்பகுதியின் அம்மோனைட்டுகளை விரிவாக விளக்கினார். அம்மோனைட்டு, எண்காலியின் உறவினம், சுருள் ஓடுடையது. சாளக்கிராமக் கல்லில் நாம் காணும் சுருள் வடிவமும் அதுவே. அரியலூரில் அதன் ஓடுகள் ஏராளம்; அவ்வோட்டினுள் வாழ்ந்த மெல்லுடலோ மறைந்துவிட்டது.

காரணம் யாது? ஓடு சுண்ணாம்புப் பொருளால் ஆனது, எளிதில் அழியாது. மெல்லுடல் இறந்த சில நாட்களிலேயே நுண்ணுயிர்களால் சிதைந்துவிடும். ஓடே இல்லாத எண்காலியின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ?

ஆயினும் இயற்கை அரிதாக ஒரு விதிவிலக்கு அளிக்கிறது. உயிர்வளி குறைந்த கடலடியில் உடல் விழ வேண்டும். நுண்ணிய சேறு அதனை விரைவில் மூட வேண்டும். தசை அழுகி முடியுமுன் பாஸ்பேட் போன்ற கனிமம் அதன் இடத்தைப் பற்றிக்கொள்ள வேண்டும். இம்மூன்றும் கூடினால், தசையின் வடிவம் கல்லில் நிற்கும்.

லெபனான் நாட்டுச் சுண்ணாம்புப் பாறைகளில் இது நிகழ்ந்தது. அங்குக் கிடைத்த எண்காலி ஒன்றை 1896இல் ஹென்றி உட்வர்டு விளக்கினார். 2009இல் அந்நாட்டிலிருந்தே, ஏறத்தாழ 9 கோடியே 50 லட்சம் ஆண்டு பழமையான கியூப்பியா என்னும் இனம் அறிவிக்கப்பட்டது. அதன் கைகளும், உறிஞ்சிகளின் வரிசையும், மையின் தடமும் கல்லில் தெரிகின்றன. உடலுள் எஞ்சியிருந்த ஓட்டின் மிச்சமோ, எண்காலியின் முன்னோர் உள்ளோடு உடையவர் என்பதைக் காட்டிற்று. அரியலூர் அம்மோனைட்டுகள் நீந்திய அதே ஊழிக்காலத்தில் எண்காலிகளும் வாழ்ந்தன என்பதற்கு இக்கற்களே சாட்சி.

இந்நியதி மனித வரலாற்றுக்கும் பொருந்தும். எங்கள் நொய்யல் கரைக் கொடுமணலில், 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் நூல் நூற்கும் தக்களியின் சுடுமண் வில்லைகள் கிடைத்தன. வில்லை நின்றது, அது நூற்ற நூலும் அந்நூலால் நெய்த துணியும் மண்ணாயின. மொகஞ்சதாரோவிலோ, வெள்ளிக் கலமொன்றில் ஒட்டிய பருத்தித் துணுக்கு, உலோக உப்புகள் ஊறியமையால் 4,000 ஆண்டுகளுக்கு மேல் நிலைத்தது. பாஸ்பேட் எண்காலிக்குச் செய்த உதவியை, உலோக உப்பு பருத்திக்குச் செய்தது.

ஆகவே மாணவர்களே, ஒன்றின் சான்று கிடைக்கவில்லை என்பதால் அஃது இருந்ததே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். கல்லும் இரும்பும் தம் வரலாற்றைத் தாமே உரைக்கும். மென்மையானவற்றின் வரலாற்றை நாம்தான் பொறுமையுடன் தேட வேண்டும். கோட்டை கட்டிய மன்னனுக்குக் கல்வெட்டு உண்டு. அவனுக்கு ஆடை நெய்தவனுக்கு ஒரு தக்களி வில்லையே மிச்சம். அந்த வில்லையையும் படிக்கக் கற்றவனே முழு வரலாற்றை அறிவான்.