கருமுத்து எந்தக் கடலில் பிறக்கிறது?

என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் சென்ற ஆண்டு ஒரு சிறு பெட்டியுடன் மத்ரஸாவுக்கு வந்தார். வளைகுடாவில் சில ஆண்டுகள் உழைத்துத் திரும்பியவர். தமக்கு நிச்சயமான பெண்ணுக்கு மஹராகக் கருமுத்து மாலை ஒன்றைத் தருவதாகப் பேசியிருந்தார். பெட்டியைத் திறந்து காட்டிவிட்டு, "ஹஜ்ரத், இது அசல்தானா?" என்று கேட்டார். நான் நகை வணிகன் அல்லன். ஆயினும் முத்துக்குளிப்பின் வரலாற்றைச் சிறிது படித்தவன் என்ற முறையில் அவருக்குச் சொன்னவற்றையே இங்கே எழுதுகிறேன்.

முத்தை அறிய வேண்டுமானால் முதலில் சிப்பியை அறிய வேண்டும். சிப்பியின் உள்விளிம்பு எந்த நிறமோ, பெரும்பாலும் அந்த நிறச் சாயலிலேயே முத்தும் அமையும். நம் முன்னோர் மன்னார் வளைகுடாவின் பார்களில் எடுத்தது பிங்க்டாடா ஃபுகாட்டா என்னும் சிறு சிப்பி. அதன் முத்து வெண்மையோ இளமஞ்சளோ உடையது. பஹ்ரைன், குவைத் கடல்களில் கிடைத்த பிங்க்டாடா ரேடியாட்டாவும் அதற்கு நெருங்கிய உறவே. உலகம் ஆயிரமாண்டுகளுக்கும் மேலாக 'முத்து' என்று அறிந்திருந்தது பெரும்பாலும் இவ்விரு கடல்களின் வெண்முத்தைத்தான்.

14-ஆம் நூற்றாண்டில் இப்னு பதூதா இவ்விரண்டையும் பற்றி எழுதினார். வளைகுடாவில் மூழ்குவோர் ஆமையோட்டால் செய்த கவ்வியை மூக்கில் மாட்டிக்கொண்டு இறங்குவதை அவர் விவரிக்கிறார். சிலர் ஒரு மணி, இரண்டு மணி நேரம்கூட நீருக்கடியில் இருப்பார்கள் என்று அவர் சொல்வது மிகை. யாரோ கரையில் நின்று சொன்னதை நம்பிவிட்டார் போலும். ஆனால் அவர் கூறும் மற்றொன்று முற்றிலும் உண்மை. மூழ்குவோரில் பெரும்பாலோர் வணிகர்களிடம் கடன்பட்டிருந்தார்கள். எடுத்த முத்து அந்தக் கடனுக்கே போயிற்று. அறுநூறு ஆண்டுகள் கழிந்து 1920-களில் பஹ்ரைனில் சீர்திருத்தம் வந்தபோது, மூழ்குவோர் ஒவ்வொருவருக்கும் கணக்குப் புத்தகம் தரவேண்டும் என்று விதிக்க நேர்ந்தது. 1344-இல் இப்னு பதூதா புத்தளத்தில் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்தார். அந்த மன்னரின் முன்னால் முத்துகள் குவிந்திருந்ததையும் அவர் பதிந்திருக்கிறார்.

இந்த வணிகத்தின் உச்சத்தைக் காட்ட ஒரு செய்தி போதும். 1917-இல் நியூயார்க்கில் கார்ட்டியே நிறுவனம் தன் மாளிகையை வாங்கியபோது, அதற்கு விலையாகக் கொடுத்தது நூறு டாலர் பணமும், பத்து லட்சம் டாலர் மதிப்பிட்ட இரட்டைச் சர முத்து மாலையும். அதே மாலை 1957-இல் ஏலத்துக்கு வந்தபோது இரண்டு லட்சம் டாலரைக்கூட எட்டவில்லை. இடையில் நடந்தது ஜப்பான். மிகிமோட்டோ கோகிச்சி 1893-இல் சிப்பிக்குள் அரைவட்ட முத்தை விளைவித்தார். 1920-களில் முழு உருண்டையான வளர்ப்பு முத்துகள் ஐரோப்பியச் சந்தைக்கு வந்தன. 'இது முத்தா, மோசடியா?' என்ற வழக்கு எழுந்தது. அதன்பின் வந்த உலகப் பொருளாதார மந்தம் வளைகுடாவின் படகுகளைக் கரையேற்றிவிட்டது. பஹ்ரைனில் வளர்ப்பு முத்து வணிகத்துக்குத் தடை உண்டு. அந்தத் தடையின் பின்னால் அந்தக் காயம் இருக்கிறது.

இனிக் கருமுத்து. அது பிங்க்டாடா மார்கரிட்டிஃபெரா என்னும் கருவிளிம்புச் சிப்பியின் விளைவு. இச்சிப்பி செங்கடலிலும் அந்தமானிலும் உண்டு. சூடானின் டங்கோனாப் விரிகுடாவில் சிரில் கிராஸ்லண்ட் என்பவர் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதை வளர்த்துப் பார்த்தார்; அவருக்கு முதன்மையாக வேண்டியிருந்தது ஓடு. பசிபிக்கின் பிரெஞ்சு பொலினீசியாவிலும் 19-ஆம் நூற்றாண்டு முழுவதும் பொத்தான் செய்ய ஓட்டுக்காகவே மூழ்கினார்கள். தற்செயலாகக் கிடைத்த கருமுத்து மிக அரிது. ஓடு வேட்டையில் சிப்பி அருகியது. 1960-களின் தொடக்கத்தில் ஜான்-மாரி தொமார் அங்கே ஜப்பானிய ஒட்டு முறையைச் சோதித்தார். அமெரிக்க நன்னீர்ச் சிப்பியின் ஓட்டிலிருந்து கடைந்த மணியையும், வேறொரு கருவிளிம்புச் சிப்பியின் சதைத் துணுக்கையும் சேர்த்துச் சிப்பிக்குள் வைப்பார்கள். ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகளில் அம்மணியின்மேல் முத்துப்பூச்சு படியும். இதற்குத் 'தாஹிதி முத்து' என்று பெயர் வந்தாலும், பண்ணைகள் பெரும்பாலும் துவாமோத்து, காம்பியே தீவுக் கூட்டங்களில் உள்ளன. தாஹிதி சந்தை மட்டுமே.

ஆகவே இன்று கடையில் கிடைக்கும் கருமுத்து ஏறக்குறைய எப்போதும் வளர்ப்பு முத்துதான். அதைப் போலி என்று சொல்வது தவறு. அது கடலில், சிப்பியின் வயிற்றில் பிறந்த உண்மையான முத்து. போலி என்பது வேறு: மீன் செதிலின் பளபளப்பைப் பூசிய கண்ணாடி மணி. இவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாவதொன்று உண்டு. மக்கள் ஏமாறுவது அதில்தான். சீன நன்னீர் முத்தோ, ஜப்பானிய அக்கோயாவோ சாயத்தாலோ வெள்ளி நைட்ரேட்டாலோ கருப்பாக்கப்பட்டு, 'கருமுத்து' என்ற ஒற்றைச் சொல்லுடன் விற்கப்படுகிறது. முத்தைப் பல்லில் மெல்ல உரசினால் நறநறவென்றிருக்கும் என்ற சோதனை கண்ணாடியைப் பிரித்துக் காட்டும். சாயமிட்டதைக் காட்டாது, அதுவும் முத்தல்லவா! தாஹிதி முத்து பெரும்பாலும் 8 மில்லிமீட்டருக்கு மேற்பட்டது. மையிட்டாற்போன்ற ஒரே கருமை அதில் அரிது. பச்சை, சாம்பல், கத்தரிப்பூ நிறச் சாயல்கள் மணிக்கு மணி மாறும். துளையின் ஓரத்தில் நிறம் திரண்டிருந்தாலோ, நூலில் கறை ஏறியிருந்தாலோ ஐயப்படுங்கள். உறுதி வேண்டுமானால் ரத்தினச் சோதனைக்கூடம்தான் வழி. விற்பவரிடம் 'அசலா?' என்று கேட்பதில் பயனில்லை. எந்தச் சிப்பி, எந்தக் கடல், நிறம் இயற்கையா என்று கேட்டு, விடையைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். குறையை மறைத்து விற்பதை நபி (ஸல்) அவர்கள் கண்டித்தது நமக்குத் தெரியும். சாயமிட்டதைச் சாயமிட்டது என்று சொல்லி, அதற்குரிய விலைக்கு விற்றால் அதில் குற்றமில்லை.

மாணவரின் மாலையில் எல்லா மணிகளும் ஒரே கருமை. ஒவ்வொன்றும் 6 மில்லிமீட்டர் இருக்கும். நூலை விலக்கிப் பார்த்தேன், முடிச்சில் நீலக்கறை. சோதனைக்கூடமும் சாயமிட்ட நன்னீர் முத்து என்றே சான்று தந்தது. கொடுத்த விலையோ தாஹிதி முத்தின் விலை. அவர் அந்தச் சான்றை எடுத்துக்கொண்டு நேரே பெண் வீட்டுக்குப் போனார். நிக்காஹ் அன்று பதிவேட்டில் 'கருமுத்து மாலை' என்று எழுதப்படவில்லை. 'சாயமிட்ட நன்னீர் முத்து மாலை ஒன்று, தங்கம் இரண்டு பவுன்' என்று எழுதினோம். பெண்ணின் தந்தை அதைப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்திட்டார்.