இலவச இடமும் கட்டண இடமும்

ஒரே வகுப்பில் அமர்ந்து ஒரே ஆசிரியரிடம் உடற்கூறு பயிலும் மூன்று மாணவர்கள். ஒருவர் ஆண்டுக்கு 2,000 ரூபாய் செலுத்துகிறார். மற்றவர் 25,000 ரூபாய் வரை செலுத்துகிறார். மூன்றாமவர் 60,000 ரூபாய் வரை. 1989-ஆம் ஆண்டில் கர்நாடக அரசு தனியார் மருத்துவக் கல்லூரிகளுக்கு வகுத்த கட்டண முறை இதுவேயாகும். முதலாமவர் அரசு இடத்தில் சேர்ந்தவர், இரண்டாமவர் அம்மாநிலத்தார், மூன்றாமவர் வெளிமாநிலத்தார். நன்கொடையைத் தடுக்க 1984-இல் இயற்றிய சட்டத்தின் கீழேயே இவ்வாணை பிறந்தது என்பதை எண்ணும்போது வியப்பே மேலிடுகிறது.

மீரட்டைச் சேர்ந்த மோகினி ஜெயின் என்னும் மாணவி, தும்கூர்க் கல்லூரி கேட்ட தொகையைச் செலுத்த வழியின்றி உச்ச நீதிமன்றத்தை நாடினார். அரசுக் கல்லூரிக் கட்டணத்துக்கு மேல் வாங்குவது எதுவாயினும் அது நன்கொடையே என 1992 ஜூலையில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் வழக்குத் தொடுத்த அம்மாணவிக்கு மட்டும் இடம் கிட்டவில்லை!

அடுத்த ஆண்டு பிப்ரவரியில் உன்னிகிருஷ்ணன் வழக்கில் ஐவர் அமர்வு ஒரு சமரசம் கண்டது. தனியார் தொழிற்கல்லூரிகளில் பாதி இலவச இடம், பாதி கட்டண இடம்; இரண்டுக்கும் மதிப்பெண்ணே அளவுகோல். இலவச இடத்தார் அரசுக் கல்லூரிக் கட்டணத்தையே செலுத்துவர். எஞ்சிய செலவைக் கட்டண இடத்தார் சுமப்பர்.

இலவச இடத்தில் யார் அமர்ந்தார்கள்? நகரத்தில் சிறந்த பள்ளியில் பயின்று, தனிப்பயிற்சியும் பெற்ற செல்வர் வீட்டுப் பிள்ளைகளே பெரும்பாலும் அங்கு அமர்ந்தனர். சிற்றூர்ப் பள்ளியில் படித்துச் சில மதிப்பெண்கள் பின்தங்கிய பிள்ளையின் தந்தையோ, நிலத்தை விற்றேனும் கட்டண இடத்தை நாட வேண்டியிருந்தது. அவர் செலுத்திய பணம் செல்வர் பிள்ளையின் படிப்புச் செலவையும் ஈடுசெய்தது. ஏழைக்கென வகுத்த திட்டம் ஏழையின் மடியிலேயே கைவைத்தது. 2002-இல் டி. எம். ஏ. பை வழக்கில் பதினொரு நீதிபதிகள் இவ்வுண்மையை ஒப்புக்கொண்டு அத்திட்டத்தைக் கைவிட்டனர்.

அதன்பின் வந்த இரு தீர்ப்புகளிலும் முஸ்லிம் கல்வித்துறையின் பெயர் பதிந்துள்ளது. 2003-ஆம் ஆண்டின் இஸ்லாமிய அகாடமி வழக்கால் ஓய்வுபெற்ற நீதிபதியின் தலைமையில் கட்டணக் குழுக்கள் தோன்றின. 2005-இல் புனே நகர இனாம்தார் தொடுத்த வழக்கிலோ, உதவிபெறாக் கல்லூரிகளின் இடங்களை அரசு வலிந்து எடுத்தல் கூடாது, இசைவுடன் பெறலாம் என முடிவாயிற்று. வெளிநாடுவாழ் இந்தியருக்கு 15 விழுக்காடு வரை இடமளிக்கவும் இசைவு தரப்பட்டது.

தமிழகத்தில் தனியார் கல்லூரிகள் 65 விழுக்காட்டு இடங்களையும், சிறுபான்மையினர் கல்லூரிகள் 50 விழுக்காட்டையும் அரசு ஒதுக்கீட்டுக்கு அளிப்பது இந்த இசைவு முறையினாலேயே. எஞ்சியவை நிர்வாக ஒதுக்கீடாகும்.

2020-இல் தமிழக அரசு, அரசுப் பள்ளிகளில் பயின்றோருக்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு வழங்கிச் சட்டம் இயற்றியது. அவர்கள் தனியார் கல்லூரியில் சேர்ந்தாலும் கட்டணத்தை அரசே ஏற்றது. பக்கத்து இருக்கை மாணவனின் தந்தை சுமந்த பாரம் கருவூலத்துக்கு மாறியது. ஆனால் அச்சட்டத்தில் அரசு உதவிபெறும் பள்ளிகள் இடம்பெறவில்லை. நம் முன்னோர் ஊர்தோறும் நிறுவிய பள்ளிகளுள் பல அவ்வகையைச் சேர்ந்தவையே.