குழந்தை பெரியதென்றால் சிசேரியன்தானா?

பிறப்பு எடை 4 கிலோவைத் தாண்டினால் பெரிய குழந்தை என்பர். தாயின் நீரிழிவு இதற்கு ஒரு முக்கியக் காரணம். லிட்டில் இந்தியா அருகிலுள்ள கேகே மகளிர், சிறார் மருத்துவமனையில் 24 முதல் 28 வாரங்களில் கர்ப்பகால நீரிழிவுப் பரிசோதனை உண்டு.

சுகப்பிரசவத்தில், தலை வெளிவந்தபின் குழந்தையின் தோள் சிக்கலாம். சிசேரியனில் ரத்தப்போக்கு, கிருமித்தொற்று, அடுத்த கர்ப்பத்தில் சிக்கல் வரலாம். ஸ்கேன் காட்டும் எடையும் 10 விழுக்காட்டுக்குமேல் மாறக்கூடும். அதனால், நீரிழிவு இருந்தால் 4.5 கிலோ, இல்லையென்றால் 5 கிலோ எனக் கணிக்கப்படும்போதே சிசேரியனைப் பரிசீலிக்கலாம் என்கிறது அமெரிக்க மகப்பேற்று வழிகாட்டி.

நீரிழிவுள்ள ஸ்காட்லாந்துத் தாய் ஒருவரிடம் தோள் சிக்கும் அபாயத்தை மருத்துவர் சொல்லவில்லை, குழந்தை பாதிக்கப்பட்டது. 2015ல் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் தாய்க்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. சிங்கப்பூரிலும், 2022 ஜூலை முதல் நடப்பிலுள்ள சட்டப்படி, நோயாளி முடிவெடுக்கத் தேவையான விவரங்களை மருத்துவர் விளக்கவேண்டும். தயங்காமல் கேளுங்கள்: “எனக்கு எந்த வழியில் என்ன ஆபத்து?”