கியூடோ: ஜப்பானிய வில்வித்தையின் வேர்கள்

ஜப்பானிய வில்வித்தையான கியூடோ, ஜென் பௌத்தத்தில் பிறந்தது என்றே உலகெங்கும் நம்பப்படுகிறது. சான்றுகளைக் காலவரிசைப்படி அடுக்கினால் அந்த நம்பிக்கை நிற்பதில்லை. சடங்கும் போரும் கன்பூசிய ஒழுக்கநெறியும் வளர்த்த கலை இது. ஜென் மிகப் பிந்தி வந்து ஒட்டிக்கொண்ட விளக்கம். சாமுராய்களின் சடங்கு எய்தலையும், ஓடும் குதிரையிலிருந்து எய்யும் யபுசமேயையும் ஒகசவாரா மரபு காத்துவந்தது. யபுசமே இன்றும் ஷிண்டோ ஆலய விழாக்களில் நடக்கிறது. 15ஆம் நூற்றாண்டில் எழுந்த ஹெகி மரபின் நோக்கமோ களத்தில் எதிரியை வீழ்த்துவது. 1543இல் தனேகஷிமா தீவில் போர்த்துகீசியத் துப்பாக்கி வந்திறங்கியபின் போரில் வில்லின் மதிப்பு குறைந்தது. அப்போதும் வில்லாளிகளை ஈர்த்தது தியானம் அல்ல, போட்டி. கியோட்டோவின் சஞ்சூசங்கெண்டோ ஆலயத்தில், ஏறத்தாழ 120 மீட்டர் நீளமுள்ள தாழ்வாரத்தில், கூரையில் முட்டாமல் அம்பைக் கடைசிவரை செலுத்த வேண்டியிருந்தது. 1686இல் வாசா டைஹச்சிரோ ஒரே இரவுபகலில் 13,053 அம்புகள் எய்தார். அவற்றில் 8,133 மறுமுனையைக் கடந்தன. மலைக்கவைக்கும் உடலுழைப்பு அது.

ஆலயத்தில் நடந்ததே பௌத்தத் தொடர்புக்குச் சான்றல்லவா என்று கேட்கலாம். பௌத்தத் தொடர்பு உண்மைதான். வாசா பயின்ற சிகுரின் என்ற வில்வித்தைக் கிளையை நிறுவியவரே ஷிங்கோன் பிரிவுத் துறவி. ஆனால் ஷிங்கோன் வேறு, ஜென் வேறு. சஞ்சூசங்கெண்டோவும் தெண்டாய் பிரிவைச் சேர்ந்தது. காமகுரா காலம் முதலே சாமுராய்கள் ஜென் மடங்களை ஆதரித்தார்களே என்பது இன்னும் வலுவான மறுப்பு. எனினும் புரவலரின் சமயம் அவர் பயிலும் ஒவ்வொரு கலைக்கும் மூலமாகிவிடாது. கியூடோவின் மூலம் ஜென் என்ற கருத்தை உலகறியச் செய்தவர் ஜெர்மானியத் தத்துவப் பேராசிரியர் ஆய்கன் ஹெரிகல். 1924இல் செண்டாய் நகருக்குக் கற்பிக்கச் சென்ற அவர், அவா கென்சோவிடம் வில் பயின்றார். அந்த அனுபவத்தை 1948இல் நூலாக எழுதினார். ஜெர்மானிய மறைஞானத்தில் தோய்ந்த அவர், ஜென்னைத் தேடியே வில்லைக் கையிலெடுத்தவர். அவா ஜென் மடத்தில் முறையாகப் பயின்றவர் அல்லர் என்பதை ஆய்வாளர் யமடா ஷோஜி எடுத்துக்காட்டினார். அவாவின் ஆன்மிக அனுபவம் பொய் என்று இதற்குப் பொருளில்லை; அது அவருடைய சொந்த வழி, அதையே மரபு முழுவதற்கும் மூலமாக்கியதுதான் பிழை. 1949இல் அமைந்த அனைத்து ஜப்பான் கியூடோ கூட்டமைப்பு, 1953இல் வெளியிட்ட தன் பயிற்சி நூலின் தொடக்கத்தில் இரண்டு பழைய பகுதிகளை வைத்தது. ஒன்று வில்லாளி யோஷிமி ஜுன்செய்யின் அறிவுரை. மற்றொன்று கன்பூசியர்களின் சடங்கு நூலில் வில்லைப் பற்றி வரும் பகுதி.