குழந்தையின் முதற் பள்ளி



மதுரைக்கு மேற்கே, தேனிக்குச் செல்லும் நெடுஞ்சாலையை அடுத்துக் கீழக்குயில்குடி என்னும் சிற்றூர் உள்ளது. தாமரைக் குளமும், ஐயனார் கோயிலும், அவற்றின் பின்னே நீண்டு கிடக்கும் சமணர் மலையும் அவ்வூருக்கு அழகு செய்வன. மலைமீது பேச்சிப்பள்ளம் என்னும் இடத்தில் தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றின் கீழ் ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த வட்டெழுத்துகள் காணப்படுகின்றன. அவற்றைப் படித்த அறிஞர்கள், திருக்காட்டாம்பள்ளி என்னும் பள்ளியின் பெயரையும், ஆசிரியர் பெயர்களையும், அவர்தம் மாணாக்கர் பெயர்களையும் அங்கே கண்டனர். சமண முனிவர் தங்கிய இடத்திற்குப் பள்ளி என்று பெயர். அவர்கள் அங்கே கல்வியும் கற்பித்தமையால், கற்கும் இடத்திற்கும் அப்பெயரே நிலைத்தது என்பர்.

இத்தகைய மலையடியில் நின்று ஒரு வினாவை எழுப்பிப் பார்ப்போம். மூன்று வயதுக் குழந்தையை முதன்முதலில் எத்தகைய பள்ளிக்கு அனுப்புவது? இஃது இல்லத்தார் மட்டும் கூடிப் பேசி முடிக்கும் சிறு செய்தி அன்று. இதற்கு நெடிய வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் கீழக்குயில்குடிக்கும் ஓர் இடம் உண்டு.

முற்காலத்தில் தமிழ்ப் பிள்ளைகள் ஐந்து வயதளவில் திண்ணைப் பள்ளியில் சேர்ந்தனர். விசயதசமி நன்னாளில் ஆசிரியர் குழந்தையின் விரலைப் பற்றி முதலெழுத்தை எழுதுவிப்பார். பின்னர்ப் பிள்ளைகள் மணலைப் பரப்பி, வாயால் ஒலித்துக்கொண்டே விரலால் எழுதிப் பழகினர். முன்னே கற்ற சட்டாம்பிள்ளை பின்னே வந்தவர்க்குக் கற்பித்தான். 1789-ஆம் ஆண்டில் சென்னையில் அநாதைச் சிறுவர் விடுதியொன்றை மேற்பார்த்த ஆண்டுரு பெல் என்பவர் இம்முறைகளைக் கையாண்டு, பின்னர் இங்கிலாந்திலும் பரப்பினார். ஆயினும் திண்ணைப் பள்ளிக்கு மற்றொரு முகமும் இருந்தது. பிரம்படியும், கோதண்டம் என்னும் கயிற்றில் தொங்கவிடும் தண்டனையும் அங்கே உண்டு. பள்ளி என்றவுடன் பதுங்கிக்கொண்ட பிள்ளைகள் எத்துணையோ பேர்! மேலும் அத்திண்ணையில் எல்லாக் குலத்துப் பிள்ளைகளுக்கும் இடம் கிடைத்ததில்லை.

இனி 1914-ஆம் ஆண்டுக்கு வருவோம். குற்றப் பரம்பரைச் சட்டம் என்னும் கொடிய சட்டத்தை ஆங்கில அரசு மதுரை மாவட்டக் கள்ளர் மக்கள்மீது ஏவியபோது, அதனை முதலில் ஏற்க நேர்ந்த ஊர் கீழக்குயில்குடியே. குற்றம் செய்தவர், செய்யாதவர் என்ற வேறுபாடின்றி ஆடவரின் கைரேகை பதியப்பட்டது. இரவில் காவலர் கண்பார்வையில் தங்குமாறு அவர்கள் கட்டாயப்படுத்தப்பட்டனர். மக்கள் அதனை ரேகைச் சட்டம் என்றே அழைத்தனர். 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் பெருங்காமநல்லூரில் அதனை எதிர்த்து நின்றோர் துப்பாக்கிக்கு இரையாயினர். பிறகு கள்ளர் சீரமைப்புத் திட்டம் என்ற பெயரால் ஊர்தோறும் பள்ளிகள் தோன்றின. அப்பள்ளிகளில் பயின்று வாழ்வில் உயர்ந்தோர் பலர். அந்நன்மையை மறுத்தல் தகாது. ஆயினும் அவற்றைத் திறந்த ஆட்சியின் நோக்கம் யாது? பிள்ளையைப் பிறவியிலேயே ஐயத்திற்குரியவனாகக் கருதி, அவனைத் திருத்த வேண்டும் என்பதே அந்நோக்கம். சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947-இல் நீக்கப்பட்டது.

1914-ஆம் ஆண்டுக்கு ஏழாண்டு முன்னர், கடல் கடந்த உரோமை நகரிலும் ஏறத்தாழ இத்தகைய நோக்கத்துடன் ஓர் அறை திறக்கப்பட்டது. சான் லொரென்சோ என்னும் ஏழையர் பகுதியில் பழைய குடியிருப்புகளைப் புதுக்கியவர்கள், பெற்றோர் வேலைக்குச் சென்றபின் சிறுவர் சுவர்களைப் பாழாக்குகின்றனர் என்று வருந்தினர். அச்சிறுவரை ஓரிடத்தில் அடைத்து வைப்பதே அவர்கள் கருத்து. அப்பொறுப்பு மரியா மாண்டிசோரி என்னும் மருத்துவ அம்மையாரிடம் வந்தது. 1907 சனவரி 6-ஆம் நாள் குழந்தைகள் இல்லம் தொடங்கியது. அம்மையார் காவல் காக்கவில்லை, கவனித்துப் பார்த்தார். கட்டைகளையும், உருளைகளையும், உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளையும் குழந்தைகளின் கையில் கொடுத்தார். சுவரைக் கெடுத்த அதே கைகள் ஒரு வேலையில் ஆழ்ந்து, மீண்டும் மீண்டும் அதனைச் செய்து மகிழ்ந்தன. சிறுவர் பாதுகாப்பில் வைக்கத்தக்க பகைவர் அல்லர். தாமே கற்கும் ஆற்றல் உடையவர் என்பது அங்கே புலனாயிற்று. உப்புத்தாள் எழுத்தைத் தடவிய விரலும், நம் திண்ணை மணலில் எழுதிய விரலும் ஒரே உண்மையையே உரைக்கின்றன. எழுதுகோலைப் பற்றுமுன் விரல் உலகைத் தொட்டு அறிய வேண்டும் என்பதே அவ்வுண்மை.

செருமானிய நாட்டில் ஃபுரோபெல் என்பார் 1840-இலேயே தம் பள்ளிக்குக் குழந்தைத் தோட்டம் எனப் பெயரிட்டு, விளையாட்டையே பாடமாக்கினார். 1851-இல் பிரசிய அரசு அத்தகைய பள்ளிகளுக்குத் தடை விதித்தது. விளையாடும் குழந்தையைக் கண்டும் ஓர் அரசு அஞ்சியது என்றால் வியப்பாக இல்லையா?

நம் நாட்டில் 1920-இல் பவநகரில் கிஜுபாய் பதேகா குழந்தைகளுக்கென ஒரு பால மந்திரை அமைத்தார். 1939-இல் மாண்டிசோரி அம்மையாரே சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். மறு ஆண்டு இத்தாலி போரில் இறங்கவே, பகை நாட்டவர் என்று அவருடைய மகன் சிறை வைக்கப்பட்டார். அம்மையாரின் நடமாட்டமும் கட்டுப்படுத்தப்பட்டது. ஒரு சிற்றூரையே ஐயக் கண்ணால் பார்த்த ஆட்சி, அவரையும் அவ்வாறே பார்த்தது. 1942 முதல் 1944 வரை அவர் கொடைக்கானலில் வாழ்ந்து, பல வயதுக் குழந்தைகளை ஒருங்கே வைத்துக் கற்பித்தார். அந்நாளில் கொடைக்கானல் மதுரை மாவட்டத்தைச் சேர்ந்தது. கைரேகைச் சட்டம் நடந்த மாவட்டத்திலேயே, அதே காலத்தில், குழந்தையை நம்பும் கல்வியும் வளர்ந்தது என்பதை வரலாறு மாணவர் மறத்தல் கூடாது.

எனினும் ஓர் இடர்ப்பாடு இருந்தது. மாண்டிசோரிக் கருவிகள் விலைமிக்கவை. ஏழைக் குழந்தைகளுக்கெனத் தோன்றிய முறை செல்வர் வீட்டுப் பிள்ளைகளிடம் சென்று தங்கிவிடும் நிலை ஏற்பட்டது. இதனை மாற்ற முனைந்தவர் தாராபாய் மோடக் அம்மையார். 1945-இல் மராட்டியக் கடற்கரையிலுள்ள போர்டி என்னும் ஊரில் அவர் சிற்றூர்க் குழந்தைகளுக்கான பணியைத் தொடங்கினார். கல்லும், இலையும், விதையும், கிளிஞ்சலுமே அங்குக் கருவிகள். பள்ளிக்கு வாராத குழந்தைகளைத் தேடிப் பள்ளியே அவர்கள் வீட்டு முற்றத்திற்குச் சென்றது. முற்றம் என்று பொருள்படும் அங்கன் என்னும் சொல்லிலிருந்தே அங்கன்வாடி என்ற பெயர் பிறந்தது. 1975 அக்டோபர் 2-ஆம் நாள் 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் அப்பெயரை நாடெங்கும் கொண்டு சென்றது. தமிழ்நாட்டில் 1982 சூலை 1-ஆம் நாள் தொடங்கிய சத்துணவுத் திட்டம், பள்ளி வயது எய்தாத ஊர்ப்புறக் குழந்தைகளுக்கும் நண்பகல் உணவளித்தது.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? விளையாட்டுப் பள்ளி என்பது செல்வர்க்குரிய அணிகலன் அன்று. பலகையில் அப்பெயரை எழுதிவிட்டதாலேயே ஒரு பள்ளி விளையாட்டுப் பள்ளி ஆகிவிடுவதும் இல்லை. நாளை நீங்கள் பெற்றோராகவோ ஆசிரியராகவோ ஆவீர்கள். இன்றே உங்கள் இல்லத்தில், தம்பியையோ தங்கையையோ எங்குச் சேர்ப்பது என்ற பேச்சு எழக்கூடும். சீருடையும் வண்டியும் கண்டு மயங்கிக் கடன் வாங்க முற்படும் பெற்றோர்க்கு நீங்கள் துணை நிற்கலாம். பள்ளிக்குள் ஒரு நாழிகை அமர்ந்து பாருங்கள். முதலாவதாக, குழந்தைகளின் கைகளைப் பாருங்கள். அவை மணலையும், களிமண்ணையும், கட்டையையும் தொடுகின்றனவா, அன்றி மூன்று வயதிலேயே எழுதுகோலைப் பிடித்து வலிக்கின்றனவா? அடுத்து, குரல்களைக் கேளுங்கள். குழந்தை தன் வீட்டு மொழியில் வினவுகிறதா, அன்றிப் பொருள் விளங்காத பாட்டை ஒப்பிக்கிறதா? ஓடுவதற்கு வெளியும், நிழலும், நல்ல நீரும் உள்ளனவா என்று நோக்குங்கள். முடிவாக, ஒரு குழந்தை பிழை செய்யும்பொழுது ஆசிரியையின் முகத்தைப் பாருங்கள். அம்முகத்தில் சினம் தோன்றுமாயின், அப்பள்ளியின் பொம்மைகள் அனைத்தும் வீண். அம்முகம் மலருமாயின், ஊர் முற்றத்து அங்கன்வாடியும் உயர்ந்த பள்ளியே. இந்நற்குணம் உங்கள் ஊர் அங்கன்வாடியில் குறைந்திருப்பின், அதனை விட்டு விலகுவதினும், ஊரார் கூடி அதனைச் செம்மைப்படுத்துவதே சிறந்தது.

சமணர் மலையில் ஆசிரியர் பெயரோடு மாணாக்கர் பெயரையும் கல்லில் பொறித்தனர் நம் முன்னோர். அதே மலையடியில், பின்னொரு நாள், பெயரைவிடக் கைரேகையே பெரிதாயிற்று. குழந்தையைப் பெயர் சொல்லி அழைத்து, அதன் கையை நம்பி, விளையாட விடும் பள்ளியைத் தேடுங்கள். அதுவே முதற் பள்ளி என்னும் பெயருக்கு உரியது.