ஏரித் தொடர்களும் வாளை மீனும்: சேலம், நாமக்கல் சமவெளியின் மீன்பிடி வரலாறு

சேர்வராயன் மலைக்கும் கொல்லிமலைக்கும் காவிரிக்கும் இடையே பரந்துள்ள சேலம், நாமக்கல் சமவெளியில் ஏரி என்பது தனித்து நின்ற நீர்நிலையன்று. மேல் ஏரி நிரம்பியதும் மிகுந்த நீர் அதன் கலிங்கின் வழியே, அதாவது கரையின் ஓரத்தில் கல்லால் கட்டப்பட்ட வழிந்தோடியின் வழியே, ஓடையில் இறங்கி அடுத்த ஏரியை அடையும். அதுவும் நிரம்பினால் அதற்கடுத்த ஏரிக்குச் செல்லும். கடைசி ஏரியின் உபரிநீர் ஆற்றில் விழும். சேர்வராயனில் பிறந்து சேலம் நகரைக் கடந்து நாமக்கல் மாவட்டத்தின் வழியே காவிரியைச் சேரும் திருமணிமுத்தாறு, அதே மலையிலிருந்து ஓமலூர், எடப்பாடிப் பக்கமாக இறங்கும் சரபங்கா, கொல்லிமலையில் தோன்றும் கரைபோட்டான் ஆறு ஆகியவற்றின் வடிநிலங்கள் இத்தகைய ஏரித் தொடர்களால் நிறைந்தவை. பாசனத்தின் பொருட்டு அமைந்த இந்த நீர்வழி, மீனுக்கும் வழியாக இருந்தது. ஆனால் நீர்ப்பாசன வரலாற்றை எழுதியவர்களில் பெரும்பாலோர் மீனை ஓரிரு வரிகளில் கடந்துவிட்டனர். அக்குறை நிரப்பப்பட வேண்டும் என்பதற்கு வலுவான காரணம் உண்டு: எந்த ஏரியில், எந்த மாதத்தில், எந்தக் கருவியோடு இறங்குவது என்ற கணக்கை மீன்பிடிப்போர் இந்தத் தொடரின் ஓட்டத்தைக் கொண்டே போட்டு வந்தனர்.

அந்தக் கணக்கு மழையிலிருந்து தொடங்கிற்று. இச்சமவெளி தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டிலும் பங்கு பெறுவது. ஆடி, ஆவணியில் ஈரம் கண்ட ஏரிகள் புரட்டாசிக்கும் கார்த்திகைக்கும் இடையே நிரம்பிக் கோடி விழும். ஏரி நிரம்பிக் கலிங்கில் நீர் வழிவதையே இப்பகுதியில் கோடி விழுதல் என்பர். புதுவெள்ளத்தின் மணமும் வேகமும் கண்டால் கெண்டை இனங்கள் முட்டையிடுவதற்காக நீரோட்டத்தை எதிர்த்து ஏறும். அவ்வாறு ஏறுபவை ஏற்று மீன் எனப்படும். கெண்டைகளைத் தொடர்ந்து அவற்றை இரையாகக் கொள்ளும் வாளையும் வரும். நீண்டு தட்டையான உடலும், கண்ணுக்குப் பின்னால்வரை பிளந்த வாயும், உள்நோக்கிச் சாய்ந்த வரிசைப் பற்களும் கொண்ட வாளை, ஒரு மீட்டருக்கு மேலும் வளரக்கூடிய நன்னீர்க் கொன்றுண்ணி. பகலில் கரைக்குடைவிலும் மரவேரடியிலும் அசைவின்றிக் கிடந்து, பொழுது சாய்ந்தபின் வேட்டையாடும். ஆகவே கோடி விழும் நாளில் கலிங்கின் அடியில் தூரியும், அதாவது மூங்கில் குச்சிகளால் பின்னி வாய்ப்புறம் மீன் உள்ளே புகலாம், வெளியேற முடியாது என்ற அமைப்பில் செய்த பொறியும், இரவில் ஓடையின் மடுக்களில் தவளையோ சிறு கெண்டையோ உயிரோடு கோத்த நட்டுத் தூண்டிலும் வைக்கப்பட்டன. மேல் ஏரியில் இரவு பெய்த மழையின் அளவைக் கேட்டு, கீழ் ஏரியில் கோடி விழ எத்தனை நாளாகும் என்று மதிப்பிட்டுக் கருவிகளை ஆயத்தம் செய்வதே இங்குப் பயணத் திட்டம் என்று சொல்லத்தக்கது.

கோடையில் கணக்கு வேறு. மதகடியில் மட்டும் நீர் தேங்கி நிற்கும் பங்குனி, சித்திரையில் ஊரார் ஒருசேர இறங்கி, அடியில்லாத கூம்பு வடிவக் கூடையான ஊத்தாவைச் சேற்றில் குத்திக் குத்தி, மேல்வாய் வழியே கையை விட்டு மீனை எடுப்பர். அப்போது கிடைப்பவற்றுள் மதிப்பு மிக்கது விரால். செவுளோடு காற்றை நேரே சுவாசிக்கும் உறுப்பும் உடையதாதலால் அது சேற்றிலும் உயிர்தாங்கும். தாயும் தந்தையும் குஞ்சுகளைக் காக்கும் வழக்கமும் அதற்கு உண்டு. செந்நிறக் குஞ்சுக்கூட்டம் நீர்ப்பரப்பில் கொதிப்பதுபோல் எழுந்து அடங்கும் இடத்தைக் கண்டால், அதன் அடியில் பெற்ற மீன் நிற்கிறது என்பது தூண்டில்காரர் அறிந்தது; குஞ்சுகளை நெருங்கும் எதையும் அது தாக்கும் என்பதால் அங்கே போட்ட தூண்டில் தவறுவது அரிது. இந்த நுட்பம் போற்றத்தக்கதாயினும், அதன் விலை அடுத்த ஆண்டின் விரால்கள் அத்தனையும் என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

ஏரி மீன் எவருக்கும் உரிமையற்ற பொருளாக இருந்ததில்லை. இடைக்காலத் தமிழ்க் கல்வெட்டுகளில் பாசிப்பாட்டம், மீன்பாட்டம் என்னும் வருவாய்கள் குறிக்கப்படுகின்றன. இவை ஏரியில் மீன்பிடிக்கும் உரிமைக்காகச் செலுத்தப்பட்டவை. இவ்வருவாய் ஏரியைத் தூர்வாரவும் கரையை உயர்த்தவும் ஒதுக்கப்பட்ட செய்தியும் உண்டு. ஏரியின் மீன் அந்த ஏரியின் பராமரிப்புக்கே திரும்பிய இந்த ஏற்பாடு மிக நேர்த்தியானது. ஆங்கிலேயர் காலத்திலும் அதன் பின்னரும் மீன்பாசி ஏலம் என்ற பெயரில் குத்தகை தொடர்ந்தது. ஆனால் ஏலப்பணம் பொதுக் கருவூலத்திலோ உள்ளாட்சி நிதியிலோ கலந்தபின், மீனுக்கும் கரைக்கும் இருந்த நேரடித் தொடர்பு அறுந்தது.

தூண்டிலைப் பொழுதுபோக்காகவும் ஆய்வுப் பொருளாகவும் கொண்டவர்கள் சென்னை மாகாணத்தில் 19-ஆம் நூற்றாண்டில் தோன்றினர். சென்னை மாகாண ஆட்சிப் பணியிலிருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873-இல் இந்தியாவில் தூண்டிற் கலையைப் பற்றியும், 1887-இல் ஏரி, குளங்களில் தூண்டிலிடுவதை மட்டுமே பற்றியும் நூல்கள் வெளியிட்டார். ஆற்று மீனுக்கு ஒரு நூல் போதாது, தேங்கிய நீருக்குத் தனி முறை வேண்டும் என்று கருதி அவர் ஏரிக்கென ஒரு நூலையே ஒதுக்கியது, தென்னிந்திய நீர்நிலைகளின் இயல்பை அவர் உணர்ந்திருந்ததைக் காட்டுகிறது. அவரும், சென்னைப் படையில் மருத்துவராயிருந்து மீனியல் அறிஞரான பிரான்சிஸ் டேயும், சிறுகண் வலைகளாலும் நஞ்சாலும் மீன்குஞ்சுகள் அழிவதைத் தொடர்ந்து எடுத்துரைத்தனர். வெடியும் நஞ்சும் இட்டு மீன்பிடிப்பதைத் தடுத்த இந்திய மீன்வளச் சட்டம் 1897-இல் இயற்றப்பட்டது. எனினும் கலிங்கின் அடியில் சினைமீனைப் பிடிக்கும் பழக்கம் ஊரார் உரிமையாகவே நீடித்தது.

ஏரித் தொடரின் இறுதிக் கண்ணியான காவிரியை 1934 மாற்றிவிட்டது. 1925-இல் கட்டத் தொடங்கிய மேட்டூர் அணை 1934 ஆகஸ்டு 21-இல் திறக்கப்பட்டு, அன்றைய ஆளுநர் ஜார்ஜ் பிரடெரிக் ஸ்டான்லியின் பெயரால் ஸ்டான்லி நீர்த்தேக்கம் எனப்பட்டது. 120 அடி நீர்மட்டத்தில் 93.47 டி.எம்.சி. கொள்ளளவு உடையது. கடலிலிருந்து முட்டையிட ஆறேறும் உல்லம் மீனுக்குக் காவிரியில் வழி அடைபட்டது. அணைக்கு மேலே ஒகேனக்கல் பாறைகளிடையே வாழ்ந்த, திமில்போல் முதுகு உயர்ந்த யானைக் கெண்டை, அதாவது காவிரிக்கே உரிய பெருங்கெண்டை, அணையின் இருபுறத்திலும் துண்டுபட்டது. 2018-இல்தான் அறிவியலாளர் அதைத் தனிச் சிற்றினமாக உறுதிசெய்தனர், இன்று அது அழிவின் விளிம்பிலுள்ள இனம்.

இழப்போடு ஒரு புதுத் தொழிலும் பிறந்தது. பண்ணவாடி, செட்டிப்பட்டி போன்ற கரையோர ஊர்களில் உரிமம் பெற்ற மீனவர் பரிசலில், அதாவது மூங்கிற் பிளாச்சால் பின்னி அடியில் நீர் புகாத உறையிட்ட வட்டத் தோணியில், மாலையில் சென்று செவுள்வலையை விரித்து, விடியலில் எடுக்கும் வாழ்க்கை அமைந்தது. செவுள்வலை என்பது சுவர்போல நீரில் நின்று, கண்ணியில் தலைநுழைத்த மீனின் செவுளில் மாட்டிக்கொள்ளும் வலை. இவர்களுக்கு ஏரியின் கோடிக்குப் பதிலாக அணையின் அடிக்கணக்கே நாட்காட்டி. நீர் வடிந்து, மூழ்கிய பழைய பண்ணவாடியின் ஜலகண்டேசுவரர் கோயில் நந்தி வெளிப்படும்போது, எந்த ஆழத்தில் பழைய ஊரின் சுவர்களும் மரக்கட்டைகளும் வலையைக் கிழிக்கும் என்பதை அவர்கள் கண்ணால் பார்த்துக்கொள்வர்.

ஏரிகளில் பெரிய மாற்றம் பிறகு வந்தது. 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட திலேப்பியா, ஜிலேபி என்ற பெயரோடு எங்கும் பரவிற்று. 1957-இல் ஹீராலால் சௌத்ரி, கே.எச். அலிகுன்ஹி ஆகியோர் ஒடிசாவில் பிட்யூட்டரிச் சுரப்பிச் சாற்றை ஊசிவழி செலுத்திப் பெருங்கெண்டைகளை முட்டையிடச் செய்தபின், கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகள் பண்ணைகளில் கிடைக்கலாயின. குத்தகைதாரர் மழைக்கும் ஏற்று மீனுக்கும் காத்திராமல் குஞ்சை வாங்கி விட்டார். குஞ்சைத் தின்னும் வாளையும் விராலும் இப்போது பகையாயின. வளர்ப்புக் குளங்களில் குஞ்சு விடுவதற்குமுன் இலுப்பைப் பிண்ணாக்கைக் கரைத்து ஊற்றுவது முறையாயிற்று. அதிலுள்ள சாப்போனின் மீனின் இரத்தச் சிவப்பணுக்களை அழித்துக் கொல்லும், சில வாரங்களில் மட்கி உரமாகும். ஒரே ஏரிக்குள் வரவு செலவைப் பார்க்கும் குத்தகைக்கு இது சரியான செயலே. ஆனால் தொடர் முழுவதையும் பார்த்தால் உச்ச வேட்டை மீன் ஒழிக்கப்பட்டது.

இங்கு அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தை ஒப்பிடுவது பயன்தரும். அங்கும் ஒன்றோடொன்று இணைந்த ஏரித் தொடர்கள் உண்டு. வாளையைப் போலவே பதுங்கித் தாக்கும் மஸ்கெலஞ்சு என்ற மீனைத் தேடித் தூண்டில்காரர்கள் ஏரியின் ஆழம், களைப்படுகை, நீரின் வெப்பம் ஆகியவற்றை முன்கூட்டியே ஆராய்ந்து பயணம் வகுப்பர். அம்மாநிலம் 1955-இல் அதைத் தன் மாநில மீனாக அறிவித்தது. பண்ணையில் அதன் குஞ்சை வளர்த்து ஏரியில் விட்டு, குறித்த நீளத்துக்குக் குறைந்ததைப் பிடிப்பதைத் தடை செய்துள்ளது. அங்கே அரசு வளர்த்துக் காப்பது வேட்டை மீன். இங்கே வளர்ப்புக்காக ஒழிக்கப்பட்டதும் வேட்டை மீன். இது காலநிலையின் கட்டாயமன்று, குத்தகை முறையின் தேர்வு.

நகர்ப்புறத்தில் தொடர் வேறு விதமாகவும் சிதைந்தது. திருமணிமுத்தாற்றில் சாயக்கழிவும் சாக்கடையும், சமவெளி முழுதும் ஜவ்வரிசி ஆலைகளின் கழிவுநீரும் சேர்ந்தன. மாவுச்சத்து நிறைந்த ஜவ்வரிசிக் கழிவு அழுகும்போது நீரின் உயிர்வளியை உறிஞ்சுவதால், முதலில் வாளையும் கெண்டையும் மடிகின்றன. காற்றைச் சுவாசிக்கும் விரால் போன்றவை மட்டும் எஞ்சுகின்றன. சேலத்தின் மூக்கனேரியைப் போல மக்கள் முயற்சியால் 2010-க்குப் பின் மீட்கப்பட்டவை சிலவே.

அண்மைக் கட்டம் குழாயில் வருவது. மேட்டூர் அணையின் உபரிநீரை நீரேற்று முறையில் சரபங்கா வடிநிலத்தின் 100 வறண்ட ஏரிகளுக்குக் கொண்டுசெல்லும் 565 கோடி ரூபாய்த் திட்டம் 2020-இல் அடிக்கல் நாட்டப்பட்டு, அதன் முதல் கட்டம் 2021 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. பல ஆண்டு காய்ந்து கிடந்த ஏரிகளில் நீர் நின்றது பெரும்பேறு. ஆனால் இந்த நீர் மேலிருந்து ஓடையில் இறங்காமல் இறைப்பு நிலையம் கடந்து குழாயில் வருவதால், ஏற்று மீன் ஏறுவதற்கான வழி அதில் இல்லை. நிரம்பிய ஏரியின் கோடி நீர் இயல்பான ஓடையில் இறங்கினால் மட்டுமே அடுத்த ஏரியோடு உயிர்த்தொடர்பு உண்டாகும். அந்த ஓடைகளை அளந்து ஆக்கிரமிப்பை நீக்கினால், பழைய தூண்டில்காரர் கணக்கு மீண்டும் பொருள்பெறும். குத்தகை விதிகளில் சினைக்காலத்தில் கலிங்கடியில் மீன்பிடிக்கத் தடையும், வாளைக்கும் விராலுக்கும் குறைந்தபட்ச அளவும் சேர்க்கப்பட வேண்டும்.